சொன்னா கேப்பாவளா? நிறுவனக் கற்றல் பற்றிச் சில கேள்விகள்

போன மாதம் நாகர்கோவிலில் எம்.பி.ஏ. படிக்கும் தம்பி ஒருவர் எங்களைத் தேடி சுசீந்திரத்துக்கு வந்தார். கையில் ஒரு கேள்வித்தாள். நிறுவனக் கற்றல் தொழிலின் செயல்திறனை எப்படிப் பாதிக்கிறது என்பது அவருடைய ப்ராஜெக்ட். "எங்கள் நிறுவனத்தில் புதிய அறிவு பகிரப்படுகிறது", "தவறுகளிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்கிறோம்" என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'முழுமையாக உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். மேனேஜர்களும் சூப்பர்வைசர்களும் டிக் அடித்துத் தர வேண்டும். படித்து முடித்துவிட்டு நாங்கள் கேட்டோம்: "லோடு இறக்குறவங்க, கக்கூஸ் கழுவுறவங்க, இவங்க கிட்ட கேட்டியா தம்பி?" அவர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "அவங்க சாம்பிள்ல வரலக்கா."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குக் கொடுத்த பாடப்புத்தகம் அப்படி. ஆனால் அந்த ஒரு பதிலில்தான் விஷயம் முழுவதும் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது. இது மேனேஜ்மென்ட் படிப்பவர்களின் சமாச்சாரம், இயக்கத்துக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். ஒரு நிறுவனம் கற்குமா கற்காதா என்பதைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஆட்கள் இன்று சுய உதவிக் குழு, கூட்டுறவு, சிறுதொழில் என்று இறங்கும்போது சறுக்கும் இடமும் பல நேரம் இதுவாகவே இருக்கிறது.

முதலில் புத்தகத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1978 இல் கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் நிறுவனக் கற்றல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். கற்றலில் இரண்டு வகை உண்டு என்றார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வாய்க்கால் கரை உடைந்தால் மண் போட்டு அடைப்பது ஒரு வகை. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் ஏன் உடைகிறது, மடையை யார் எப்போது திறக்கிறார்கள், யார் வயலுக்கு முதல் தண்ணீர் போகிறது என்று கேட்பது இரண்டாவது வகை. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. ஏனென்றால் இரண்டாவது வகைக் கேள்வி மேலே இருப்பவர்களின் முடிவுகளைத் தொடும்.

அடுத்து ஏமி எட்மண்ட்சன். 1990களில் மருத்துவமனை நர்ஸ் குழுக்களிடம் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறை வெளியே சொல்ல முடிந்தது. மோசமான குழுக்களில் நர்ஸுகள் பயந்து மறைத்தார்கள். மேலே போகும் அறிக்கை சுத்தமாக இருக்கும், கட்டிலில் கிடக்கும் நோயாளி பாடு வேறாக இருக்கும். டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி குறை கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம் என்று வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். குறையை முதலில் பார்ப்பவர் வேலையைக் கையால் செய்பவர். அவர் வாய் திறந்தால் நிறுவனம் கற்கும். கற்றால் கழிவு குறையும், வேலை திரும்பச் செய்யும் செலவு குறையும், வாடிக்கையாளர் நிற்பார். கற்றலுக்கும் லாபத்துக்கும் இடையில் இருக்கும் கண்ணி அவ்வளவுதான்.

இந்தப் புத்தகங்கள் சாதி இல்லாத ஊர்களில் எழுதப்பட்டவை. நம் ஊரில் கீழே இருப்பவர் பேசாமல் இருப்பதற்கு மேனேஜர் கோபக்காரர் என்பது மட்டும் காரணம் கிடையாது. பேசக்கூடாது என்று பல தலைமுறையாகப் பழக்கியிருக்கிறார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936 இலேயே சொல்லிவிட்டார். அடுக்கின் கீழே இருக்கும் அறிவு மேலே ஏறாது. மேலே இருப்பவருக்கு அது அறிவாகவே தெரியாது.

இதற்கு மிகக் கொடூரமான உதாரணம் பாதாளச் சாக்கடை. கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிராக 1993 இல் ஒரு சட்டம், 2013 இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பிறகும் சாவுச் செய்தி வராத வருஷம் இல்லை. மூடியைத் திறந்ததும் எந்தக் குழியில் இறங்கக் கூடாது என்று வாடையை வைத்தே சொல்லக்கூடியவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அந்த அறிவு எந்த டெண்டர் நிபந்தனையிலும் ஏறியதில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வழக்கு, கைது, இழப்பீடு, அடுத்த ஒப்பந்ததாரர். கரை உடைந்த இடத்தில் மண் போடுவது என்றால் இதுதான். இதில் அமைப்பு ஒன்றுமே கற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வேலையைக் காண்ட்ராக்டில் விட்டால் பொறுப்பு நம் தலையில் விழாது என்பதை நன்றாகவே கற்றிருக்கிறது.

சரி, நன்றாகக் கற்ற அமைப்பு நம் பக்கத்தில் இல்லையா? இருக்கிறது. வடகரைக்குப் பக்கத்தில் ஊராளுங்கல்.

எங்கள் சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக சத்தியாகிரகம் நடந்தது 1926 இல். கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1925 இல், மலபாரில் வேறொரு விதமான போராட்டம் தொடங்கியது. வாக்படானந்தர் என்ற சீர்திருத்தக்காரர் சாதிக்கும் சடங்குக்கும் எதிராகப் பேசிவந்தார். காரக்காடு பகுதியின் தீயர் இளைஞர்கள் அவர் பின்னால் போனார்கள். ஊர்ப் பெரியவர்களும் நிலக்காரர்களும் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். வேலை கிடையாது, கூலி கிடையாது. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, ஒரு கடன் சங்கம் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். கடைசியில், யாரும் வேலை தராவிட்டால் நாமே வேலை எடுப்போம் என்று கூலி வேலைக்காரர்களின் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். தொடங்கியவர்கள் 14 பேர். எடுத்தது ரோட்டு வேலை.

அன்றைக்கு ஊராளுங்கல் மதராஸ் மாகாணத்தில் இருந்தது, சுசீந்திரம் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பரில் அவர்கள் கேரளத்துக்குப் போனார்கள், நாம் தமிழ்நாட்டுக்கு வந்தோம். இரண்டு இடத்து வரலாறையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் அத்தோடு போய்விட்டது. நம் பள்ளிக்கூடத்தில் வைக்கம் வரும். ஊராளுங்கல் வராது.

இன்று அது யு.எல்.சி.சி.எஸ். என்ற பெயரில் தேசிய நெடுஞ்சாலையும் பாலமும் கட்டுகிறது. கோழிக்கோட்டில் ஒரு ஐ.டி. பார்க்கையே நடத்துகிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை. உலகக் கூட்டுறவுகளின் தரவரிசையில் தொழில் துறைப் பிரிவில் ஸ்பெயினின் மாண்ட்ராகனுக்கு அடுத்த இடத்தில் அதன் பெயர் வந்திருக்கிறது. தாமஸ் ஐசக்கும் மிஷேல் வில்லியம்ஸும் 2017 இல் இந்தச் சங்கத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். எம்.பி.ஏ. தம்பிகள் தேடிப் படிக்க வேண்டும்.

கூலிக்காரர்கள் இந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள்? முதலில், இயக்குநர்கள் உறுப்பினர்களான தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வெளியிலிருந்து முதலாளி வந்து உட்கார்வதில்லை. பகலில் அவர்கள் சைட்டில் இருப்பார்கள், சாயங்காலம் உட்கார்ந்து அன்றைய வேலையைப் பேசுவார்கள். எங்கே ஜல்லி வரவில்லை, எந்த இடத்தில் கான்கிரீட் சரியில்லை, ஏன் என்று. எல்லாக் கம்பெனியிலும் ரிவ்யூ மீட்டிங் உண்டுதானே என்பீர்கள். உண்டு. ஆனால் அங்கே பேசுபவர் கையில் சிமென்ட் ஒட்டியிருக்காது. இங்கே முடிவெடுப்பவரும் வேலை தெரிந்தவரும் ஒரே ஆள். கீழே பார்த்த குறை மேலே போய்ச் சேர இடையில் எந்தப் படியும் ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது, இயந்திரங்கள் வந்தபோது நடந்தது. நூறு பேர் செய்த வேலையை ஒரு மெஷின் செய்கிறது என்றால் சாதாரணக் கம்பெனி தொண்ணூறு பேரை அனுப்பும். இங்கே உறுப்பினரை அனுப்ப முடியாது, அவர்கள்தான் சங்கம். அதனால் மண் வெட்டியவர்களை மெஷின் ஓட்டப் பழக்கினார்கள், வேலையைப் பெருக்கினார்கள். பொருளின் தரம் பார்க்கச் சொந்தமாக லேப் வைத்தார்கள். ஆளை வெளியே அனுப்பினால் அவர் தலைக்குள் இருக்கும் இருபது வருஷ அனுபவமும் கூடவே போய்விடும். அந்த இழப்பு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் தெரியாது.

விளைவு என்ன? கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 இல் திறந்தார்கள். விரிசல் விட்டு 2019 மே மாதம் மூட வேண்டியதாயிற்று. தனியார் ஒப்பந்தத்தில் கட்டிய பாலம் அது. டி.எம்.ஆர்.சி.யின் மேற்பார்வையில் திரும்பக் கட்டும் வேலை ஊராளுங்கல் சங்கத்திடம் வந்தது. 2020 செப்டம்பர் கடைசியில் தொடங்கி, 2021 மார்ச் 7 அன்று வண்டி ஓடியது. கொரோனா காலத்தில், சொன்ன கெடுவுக்கு முன்னால்.

அவர்களைச் சாமியாக்கவும் வேண்டாம். 2022 மே மாதம் சாலியாற்றின் குறுக்கே அவர்கள் கட்டிய கூளிமாடு பாலத்தின் உத்தரங்கள் சரிந்து விழுந்தன. தூக்கிவைக்கும் ஜாக்கி பழுதானதுதான் காரணம் என்றது சங்கம். அரசுத் தரப்பில் விசாரணை நடந்தது. திரும்பக் கட்டி 2023 இல் திறந்தார்கள். பெரிதாக வளரும் அமைப்பில் மெஷின் மேல் இருக்கும் நம்பிக்கை ஆள் மேல் இருக்கும் நம்பிக்கையைத் தாண்டிப் போகும் ஆபத்து எப்போதும் உண்டு. இன்னொன்றையும் நாம் கேட்டாக வேண்டும். இன்று அவர்கள் சைட்டில் உறுப்பினர் அல்லாத வடமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூலியும் வசதியும் வெளியே கிடைப்பதைவிட மேல் என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டு இல்லாதவர் குறையைச் சொல்வாரா? 1925 இல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கட்டிய சங்கத்துக்கு இன்று யார் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்வி சங்கடமானதுதான். கூடவே இதையும் நினைவில் வைக்க வேண்டும்: தீயர்கள் அன்று தீண்டாமைக்கு ஆளானவர்கள், ஆனால் தலித்துகள் அல்ல. அவர்களுக்குக் கொஞ்சமாவது நிலமும் வேறு தொழிலும் இருந்தன. புலையருக்கும் பறையருக்கும் அதுவும் கிடையாது. ஊராளுங்கலை அப்படியே நகலெடுக்க முடியாது.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு பாதையைப் பார்க்கிறோம். மேலாடை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிபட்ட நாடார் சமூகம் மகமை என்று ஒரு பொது நிதி வைத்தது. 1921 இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அந்தக் குடும்பங்களின் பிள்ளை கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தே சரக்கு, கடன், வாடிக்கை எல்லாம் கற்றுவிடும். சொந்தச் சாதியே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. நம் பிள்ளைக்கு அப்பா வழியில் வந்த கடை கிடையாது. 2023 இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 சதவீத மானியம், வட்டியில் 6 சதவீதச் சலுகை. போராடிப் பெற வேண்டிய பணம், விண்ணப்பம் போடுங்கள். ஆனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் கிடைக்கும் அந்தப் படிப்பை எந்தத் திட்டமும் தராது. அதை நாம் சேர்ந்து வேலை செய்யும் குழுவுக்குள்தான் உண்டாக்க வேண்டும். சாதியை வைத்து உண்டாக்க நமக்கு வழியும் இல்லை, விருப்பமும் இல்லை.

இனி எங்கள் கதை. இதைச் சொல்லாமல் ஊராளுங்கல் பற்றிப் பேச எங்களுக்கு யோக்கியதை கிடையாது.

சில வருஷம் முன்பு சுசீந்திரம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் பெண்கள் சேர்ந்து தையல் யூனிட் தொடங்கினார்கள். பதினொரு பேர். கூட நின்றது நாங்கள். ஒரு பள்ளியிலிருந்து சீருடை ஆர்டர் கிடைத்தது, வெள்ளைச் சட்டை. ராத்திரி பகலாகத் தைத்துக் கொடுத்தார்கள். முதல் முறை துவைத்ததும் சட்டை சுருங்கியது. கை ஏறிப் போயிற்று, பட்டன் போட முடியவில்லை. பெற்றோர் பள்ளியில் வந்து நின்றார்கள். அடுத்த வருஷ ஆர்டர் போய்விட்டது. கடன் நின்றது. 'அவங்க தைச்சா இப்படித்தான்' என்று ஒரு பேச்சும் ஊருக்குள் ஓடியது. அந்த 'அவங்க' யாரைக் குறிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர் சட்டை சுருங்கினால் துணி மேல் குற்றம், நம் சட்டை சுருங்கினால் சாதி மேல் குற்றம். நாம் ஒரு தவறு செய்யக்கூட மற்றவர்களைவிட அதிக விலை கொடுக்கிறோம். தவறை மறைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறோம்.

ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. துணி வெட்டிய பெண்ணுக்கு அந்தத் துணி சுருங்கும் என்று முன்னாலேயே தெரியும். திருப்பூரில் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். நனைத்துக் காயவைத்து வெட்ட வேண்டும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"எனக்கு அப்பமே தெரியும்க்கா. சொன்னா கேப்பாவளா? நேத்து வந்தவ எங்களுக்குப் படிச்சுத் தாறியான்னு கேப்பாவ. அக்காமாரு முன்னாடி எப்படிச் சொல்ல?"

இங்கே ஆதிக்கச் சாதிக்காரர் யாரும் இல்லை. பதினொரு பேரும் நம் ஆட்கள். அவள் பயந்தது தலைவி அக்காவை, பொருளாளர் அக்காவை. உண்மையைச் சொன்னால், எங்களையும். வாரா வாரம் நாங்கள் போய் நாற்காலியில் உட்கார்ந்தோம், அவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். தீர்மான நோட்டை எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. வந்தவர்கள் பெயர், சேமிப்புத் தொகை, கடன் தவணை, நன்றியுரை. ஒன்றரை வருஷத்தில் வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. சமூகவியலில் முதுகலை படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். அமைப்புக்குள் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள். நாற்காலியை விட்டு இறங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் பாய்க்கு வந்தோம். தனியாக ஒரு நோட்டுப் போட்டோம், அதற்குப் பெண்கள் வைத்த பெயர் தப்பு நோட்டு. சனிக்கிழமை கூடியதும் முதலில் அதைத் திறப்பது. இந்த வாரம் என்ன கெட்டுப்போனது, எதனால், அடுத்த தடவை என்ன செய்யலாம். யார் செய்தது என்று எழுதக் கூடாது. ஆனால் தலைவி அக்கா தன் தப்பை முதலில் சொல்ல வேண்டும், அவருக்குப் பிறகுதான் மற்றவர்கள். இந்த ஒரு ஏற்பாட்டுக்கு அக்காவைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் ஆனது. முதல் மூன்று வாரம் நோட்டு வெறுமையாகவே இருந்தது. நாலாவது வாரம் அக்கா நூல் வாங்கியதில் ஏமாந்ததைச் சொன்னார், தயங்கித் தயங்கி. அன்றைக்கு நோட்டில் ஆறு வரி ஏறியது.

இரண்டு பேர் யூனிட்டை விட்டுப் போய்விட்டார்கள். பழைய பள்ளி திரும்ப வரவில்லை. இந்த வருஷம் வேறொரு இடத்திலிருந்து சின்ன ஆர்டர் கிடைத்தது, ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை. வெட்டு மேசைக்கு மேல் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறது: எந்தத் துணி எவ்வளவு சுருங்கும் என்று. எழுதியது அந்தத் திருப்பூர்ப் பெண். கடன் இன்னும் முடியவில்லை.

நம் இயக்க அமைப்புகளையும் இதே கண்ணால் பாருங்கள் தோழர்களே. ஒரு வழக்கில் சாட்சி பிறழ்ந்துபோனது ஏன் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறோமா? ஒரு கிராமத்தில் போராட்டம் படுத்துவிட்டால் அடுத்த கிராமத்துக்குப் போகிறோம். பழைய கிராமத்தில் என்ன நடந்தது என்று புதிதாக வரும் மாணவருக்குத் தெரியாது, அவர் திரும்பவும் முதலிலிருந்து அடிபடுவார். பேனர் கட்டுகிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் பெண் தோழர்களுக்கும் கூட்டத்தில் பேசும் முறை எத்தனையாவதாக வருகிறது? ஜெய்பீம் சொல்லித் தொடங்கும் கூட்டத்திலும் நாற்காலியும் பாயும் இருக்கின்றன.

அந்த எம்.பி.ஏ. தம்பி நேற்று போன் பண்ணினார். கேள்வித்தாளில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறாராம்: 'வேலையில் ஒரு தவறு நடக்கப் போவது உங்களுக்கு முன்பே தெரிந்தும் சொல்லாமல் விட்டதுண்டா? ஏன்?' துப்புரவு, லோடு, கேன்டீன் என்று ஒன்பது பேரிடம் கேட்டிருக்கிறார். ஒன்பது பேரும் உண்டு என்றார்களாம். 'ஏன்' என்பதற்கு வந்த பதில்களை அந்த ஐந்து கட்டத்துக்குள் அடக்க முடியாது, எடுத்துவிடு என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்கிறாராம். இதுவரை அவர் எடுக்கவில்லை.